வீல் வாங்கிய பிறகு வேகம் குறைந்தது ஏன்? பெங்களூரு அறை ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

முருகேஷ்பாளையாவில் ஒரு வீட்டின் இரண்டாம் மாடி. ஒற்றை அறை, வழுவழுவென்று டைல்ஸ் தரை, கீழே வீட்டுக்காரர் குடும்பம். அறையில் இருப்பவர் ஆம்பூர்ப் பக்கத்து இளைஞர். மென்பொருள் சோதனை வேலை. பல வருடங்களாக எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரில் கார் பந்தயம் ஆடியவர். ஆட்டம் இரண்டுதான்: திறந்த உலகில் பறக்கும் போர்ஸா ஹொரைசன் 5, ஜிடி3 என்ற வகைப் பந்தயக் கார்களை நிஜத்துக்கு நெருக்கமாக ஓட்டவைக்கும் அசெட்டோ கோர்சா கொம்பெட்டிசியோனே. இரண்டாவதை இனி ஏசிசி என்றே சொல்வோம்.

காரின் ஸ்டீயரிங் போலவே பிடித்து ஓட்டும் லாஜிடெக் ஜி29 வீலும் பெடலும் வாங்கினார். இத்தாலியின் மான்ஸா பந்தயத் தடத்தின் ஒரு சுற்றைக் கன்ட்ரோலரை வைத்து 1 நிமிடம் 51 நொடிக்குள் முடித்துக்கொண்டிருந்தவர், வீலில் 1:53க்குக் கீழே இறங்கவே இல்லை. ஹொரைசனில் நிலைமை இன்னும் மோசம்: இரண்டு வளைவுக்கு ஒரு முறை கார் சுழன்று நின்றது. அவர் சொன்ன புகார் இதுதான்:

"அண்ணே, கன்ட்ரோலர்ல அசால்ட்டா எடுக்கிற வளைவுலகூட வண்டி நேராப் போகுது. நேர் ரோட்டுல வீல் தானா ஆடுது. பிரேக் முழுசா விழவே மாட்டேங்குது. வித்துடலாமான்னு இருக்கு."

இந்த மூன்று புகாருக்கும் காரணம் வேறு வேறு. வீலில் பழுது எதுவும் இல்லை.

கன்ட்ரோலர் சத்தமில்லாமல் செய்த வேலை

கன்ட்ரோலரின் இடது ஸ்டிக்கில் கட்டைவிரல் நகர்வது பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். ஜி29 முழுக்கத் திரும்புவது 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்று. விளிம்பில் அளந்தால் சுமார் இரண்டு மீட்டர். கன்ட்ரோலரில் அந்த ஒரு சென்டிமீட்டருக்குள் காரின் முழுத் திருப்பமும் அடங்கியாக வேண்டும். 250 கிலோமீட்டர் வேகத்தில் விரல் நடுங்கியதை எல்லாம் கார் அப்படியே கேட்டால் நேர்ரோட்டில்கூட ஓட்ட முடியாது. அதனால் விரலுக்கும் காரின் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஆட்டம் தானே உட்கார்ந்துகொள்கிறது.

முதல் தலையீடு வேகத்தைப் பார்த்துத் திருப்பத்தைக் குறைப்பது. ஊர்ந்து போகும்போது ஸ்டிக்கை முழுக்கச் சாய்த்தால் முழுத் திருப்பம் கிடைக்கும். அதே சாய்ப்பு 200ல் சில டிகிரிதான் கொடுக்கும். அடுத்தது, ஸ்டிக் எவ்வளவு சடாரென்று பாய்ந்தாலும் சக்கரம் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் திரும்பாது. பிறகு ஃபில்டர், அது நடுக்கத்தை வடிகட்டுகிறது. கடைசியாகக் காமா, சாய்ப்புக்கும் திருப்பத்துக்கும் உள்ள விகிதத்தை வளைக்கும் எண்: அதை 2 என்று வைத்தால் ஸ்டிக்கைப் பாதி சாய்க்கும்போது கால் பங்கு திருப்பம்தான் போய்ச் சேரும்.

முதல் தலையீடுதான் இந்த நிகழ்வுக்குச் சாவி. பந்தய டயருக்கு ஒரு வரம்பு உண்டு. சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் உள்ள கோணம் சில டிகிரிகளைத் தாண்டினால் பிடி கூடாது, குறையும். அதற்கு மேல் திருப்பினால் டயர் தேய்ந்து சூடாகும், கார் நேராகப் போகும். கன்ட்ரோலரில் ஆட்டமே அந்த வரம்புக்குப் பக்கத்தில் கையைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. வீலில் யாரும் நிறுத்துவதில்லை. எத்தனை டிகிரி திருப்புகிறோமோ அத்தனையும் போய்ச் சேரும். அவுட்டர் ரிங் ரோட்டில் தினமும் கார் ஓட்டுகிறவருக்கும் இது புதிதுதான். ஊருக்குள் ஓட்டும்போது டயரின் வரம்பை நாம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நெரிசல் அதற்கு இடம் கொடுப்பதும் இல்லை.

பதிவில் தெரிந்தது

ஊகத்தை விட்டுவிட்டு எண்ணைப் பார்க்க ஏசிசியிலேயே வழி இருக்கிறது. கார் செட்டப்பில் எலக்ட்ரானிக்ஸ் பக்கத்தில் டெலிமெட்ரி (ஓட்டத்தின் பதிவு) சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டால், ஓட்டிய சுற்றுகள் டாக்குமென்ட்ஸ் கோப்புறைக்குள் மோட்டெக் கோப்பாகச் சேரும். மோட்டெக் ஐ2 மென்பொருளில் திறந்து ஸ்டீயரிங், பிரேக், ஆக்சிலேட்டர், வேகம் ஆகிய நான்கு கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். கன்ட்ரோலரில் ஓடிய சிறந்த சுற்றையும் வீலில் ஓடிய ஒரு சுற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்ததில் இரண்டு இடங்கள் கண்ணில் பட்டன.

ஒன்று, மான்ஸாவின் லெஸ்மோ வளைவுகள். கன்ட்ரோலர் கோடு ஏறி, ஒரு மட்டத்தில் நின்று, இறங்கியது. வீல் கோடு அந்த மட்டத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. வேகக் கோடோ அதே நேரத்தில் சரிந்தது. கார் திரும்பவில்லை என்று இன்னும் திருப்பியிருக்கிறார். திருப்பத் திருப்பக் கார் இன்னும் திரும்ப மறுத்திருக்கிறது.

இன்னொன்று, முதல் சிகேன், அதாவது அடுத்தடுத்து எதிரெதிர்த் திசையில் திரும்பும் வளைவு ஜோடி. 260 கிலோமீட்டருக்கு மேல் வந்து இரண்டாம் கியருக்கு இறங்கும் இடம். கன்ட்ரோலரில் பிரேக் கோடு செங்குத்தாக 100க்கு எகிறியது. வீலில் அது சாய்வாக ஏறி, 80ஐத் தாண்டித் தள்ளாடி, 100ஐத் தொடாமலே இறங்கியது. சுற்றில் இழந்த நேரத்தில் பெரும்பங்கு இந்த பிரேக் பகுதிகளில்தான் போயிருந்தது. ஸ்டீயரிங்கால் போனது மீதிதான். வீல் வாங்குகிறவர்கள் கையைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நேரம் போவது காலில்.

கிடைத்த கோளாறுகள்

வீலை அமைக்கும் லாஜிடெக்கின் ஜி ஹப் மென்பொருளில் சுழற்சி அளவு 270 டிகிரி என்று இருந்தது. ஹொரைசனில் கார் சட்டென்று திரும்பட்டும் என்று குறைத்து வைத்தவர், ஏசிசிக்கு மாறும்போது மாற்றவில்லை. ஏசிசிக்குள் அதே சுழற்சி அளவு, அதாவது ஸ்டீயரிங் லாக், 900. ஆக, கை 10 டிகிரி திருப்பினால் காருக்குள் ஸ்டீயரிங் 33 டிகிரி திரும்பும். லெஸ்மோவில் கோடு எகிறியதற்கு முதல் காரணம் இது. விதி எளிது: இரண்டு இடத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும். இங்கே இரண்டும் 900 ஆக்கப்பட்டன. ஜிடி3 கார்களின் திருப்ப அளவு காருக்குக் கார் மாறும். அந்த வரம்புக்கு மேல் வீலைத் திருப்பினால் பயன் இல்லை, அவ்வளவுதான். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, வீலைச் சரியாக 90 டிகிரி திருப்பித் திரையில் தெரியும் ஸ்டீயரிங்கும் 90ல் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் மற்ற அமைப்புகளைத் தொட்டுப் பயனில்லை.

டயரின் விசையை மோட்டார் மூலம் கைக்கு உணர்த்துவது ஃபோர்ஸ் ஃபீட்பேக். அதன் வலுவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் 100ல் இருந்தது. வலுவாக இழுத்தால் நல்ல வீல் என்ற நினைப்பு பரவலாக இருக்கிறது. ஜி29 பல்சக்கரம் வழியாக இழுக்கும் சிறிய மோட்டார் வகை. அதன் உச்ச விசை 2 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான். மோசா ஆர்5 போன்ற நேரடி மோட்டார் வகையில் 5.5. சின்ன மோட்டாரிடம் கெயினை முழுக்கக் கேட்டால், வேகமான நீண்ட வளைவு முழுவதும் அது உச்சத்திலேயே முட்டிக்கொண்டு நிற்கும்; அதற்குள் நடக்கும் ஏற்ற இறக்கம் கைக்கு வராது. இழப்பு சின்னதல்ல. முன்டயரின் பிடி உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன்னாலேயே, ஸ்டீயரிங்கை நேராக்க இழுக்கும் விசை உச்சம் தொட்டு இறங்க ஆரம்பிக்கும். வீல் லேசாவதாகக் கைக்குத் தெரியும் அந்தக் கணம்தான் 'இதற்கு மேல் திருப்பாதே' என்ற சேதி. கன்ட்ரோலரில் ஆட்டம் செய்த காவலை வீலில் இந்தச் சேதி செய்கிறது. கெயின் 100ல் அது வந்து சேரவே இல்லை.

சரிசெய்யும் முறை: கடைசி வளைவான பரபோலிகாவில் ஓட்டியபடி திரையில் பெடல் பட்டைகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் பட்டையைப் பார்க்க வேண்டும். வளைவு முழுக்கச் சிவந்தே இருந்தால் கெயினை ஐந்து ஐந்தாகக் குறைக்க வேண்டும். ஓரக்கல்லில் ஏறும்போது ஒரு மின்னல் சிவப்பு வந்தால் பரவாயில்லை. இந்தக் காரில் 70ல் அமைந்தது.

நேர்ரோட்டில் வீல் ஆடியதற்குக் காரணம் குறைந்தபட்ச விசை என்ற அமைப்பு. பல்சக்கர வீலில் நடுமையத்தில் கொஞ்சம் தொளதொளப்பு இருக்கும், சின்ன விசைகள் அங்கே தொலைந்துபோகும். அதை நிரப்பத்தான் இந்த அமைப்பு. யாரோ ஒரு காணொளியில் சொன்னதைப் பார்த்து அது 20 ஆக்கப்பட்டிருந்தது. மையத்தில் ஒரு மயிரிழை விலகினாலும் மோட்டார் பலமாக எதிர்ப்பக்கம் தள்ளும், மையத்தைத் தாண்டிவிடும், மறுபடி தள்ளும். சுழியத்தில் தொடங்கி இரண்டு இரண்டாக ஏற்றி, நேர்ரோட்டில் பிடியைத் தளர்த்தும்போது வீல் ஆடத் தொடங்கும் எண்ணுக்கு ஒரு படி கீழே நிறுத்த வேண்டும். இங்கே 8.

இனி பிரேக். ஜி29 பிரேக் பெடலுக்குள் ஒரு ரப்பர் கட்டை இருக்கிறது. கடைசிப் பகுதி கெட்டியாக இருப்பது அதனால்தான். "அந்த ரப்பரைக் கழட்டிப் போட்டாச் சரியாயிடும்னு சொல்றாங்கண்ணே" என்று ஸ்க்ரூ டிரைவரோடு தயாராக இருந்தார். கழற்றவில்லை. குற்றவாளி தரை. பெடல் பலகையின் அடியில் கம்பளத்தைக் கவ்விக்கொள்ள ஒரு பல்வரிசை உண்டு. டைல்ஸில் அதற்குக் கவ்வ எதுவும் இல்லை. காலால் அழுத்த அழுத்தப் பலகை முன்னே நழுவியது, சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி பின்னே உருண்டது. அழுத்தத்தில் பாதி நகர்வதிலேயே செலவானது. 80ல் கோடு தள்ளாடியது இதனால்.

பெடலுக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையில் இருந்த தூரத்தை அளந்து, தச்சரிடம் ஒன்றரை அங்குலக் கட்டை ஒன்று அறுத்து வாங்கி இடையில் வைத்தார். அடியில் உடற்பயிற்சி மேட் இரண்டு மடிப்பு; அது நழுவலைத் தடுத்ததோடு, இரவு பதினொன்றரைக்குப் பெடல் சத்தம் கீழ்வீட்டுக்குப் போவதையும் குறைத்தது. உருளும் நாற்காலிக்குப் பதில் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி, அதன் முதுகு கட்டில் விளிம்பில் முட்டும்படி. அடுத்த சுற்றிலேயே பிரேக் பட்டை 100ஐத் தொட்டது. ரப்பர் இருந்ததே நல்லது. ஜி29 பெடல் அளப்பது அழுத்தத்தை அல்ல, எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை மட்டும். காலுக்கு அழுத்தமாக ஏதாவது தெரிகிறது என்றால் அது அந்த ரப்பரின் உபயம்.

பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்தியபடி வளைவுக்குள் நுழையும் ட்ரெயில் பிரேக்கிங்குக்காக பிரேக் காமா 1லிருந்து 1.5 ஆக்கப்பட்டது. இப்போது பெடலைப் பாதி இறக்கினால் 50 அல்ல, 35 சதவீதம் போகும். கீழ்ப்பகுதியில் நுணுக்கம் கூடியது. முழுதாக அழுத்தும்போது 100 அப்படியே இருக்கிறது.

சின்னச் சின்ன விஷயங்களும் இருந்தன. மேசையில் கீபோர்டு தட்டு இருந்ததால் வீலின் பிடிகள் விளிம்பைச் சரியாகக் கவ்வவில்லை, தட்டைக் கழற்றியாயிற்று. மரத்தூள் பலகை மேசை என்பதால் பிடிகள் கவ்வும் இடத்தில் ஒரு சின்ன பிளைவுட் துண்டு வைக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் பலகை பொடிந்துவிடும். வீல் முன்னால் வந்ததால் மானிட்டர் பின்னுக்குப் போனது. 30 சென்டிமீட்டர் உயரத் திரை கண்ணிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால், நிஜ அளவு தெரிய ஆட்டத்தில் வைக்க வேண்டிய செங்குத்துப் பார்வைக் கோணம் 28 டிகிரி. 90 சென்டிமீட்டருக்குப் போனால் 19. அவ்வளவு குறுக்கினால் பக்கத்தில் வரும் கார் தெரியாது. கோணத்தை அகட்டினாலோ தூரம் ஏமாற்றும், பிரேக் போடும் இடம் தவறும். மானிட்டரைச் சுவர்த் தாங்கியில் மாட்டி வீலுக்கு நேர் பின்னால் கொண்டுவந்ததுதான் சரியான தீர்வு.

மின்சாரம் போகும் ஊரில் இன்னொரு கவனம். கணினி யூபிஎஸ்ஸில் இருக்கிறது, வீலின் 24 வோல்ட் அடாப்டர் சுவர் பிளக்கில் இருக்கிறது என்றால், கரண்ட் போகும் நொடியில் கார் ஓடிக்கொண்டே இருக்கும், வீல் மட்டும் செத்துப்போகும். அடாப்டரையும் யூபிஎஸ்ஸில் செருகுங்கள். ஒரு சீலிங் ஃபேன் இழுக்கும் அளவுகூட அது இழுக்காது. வீல் உயிர்பெறும்போது மையத்தைக் கண்டுபிடிக்கத் தானாக இருபக்கமும் சுழலும். அப்போது விரலை உள்ளே விடக் கூடாது.

கன்ட்ரோலரையும் விடவில்லை

ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டுமானால் கன்ட்ரோலரும் சரியாக அமைக்கப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸில் எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரின் ஸ்டிக் ஒரு அச்சில் −32768 முதல் 32767 வரை எண் தருகிறது. இடது ஸ்டிக்குக்கு மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் டெட்சோன் 7849, அதாவது முதல் 24 சதவீத அசைவு காருக்குப் போகாது. நடந்து சுடும் ஆட்டங்களுக்கு அது சரி. பந்தயத்தில் கையில் இருக்கும் ஒரு சென்டிமீட்டரில் கால் பங்கு வீண். ஏசிசிக்குள் டெட்சோனைச் சுழியத்தில் வைத்து, ஸ்டிக்கை விட்டதும் கார் ஒருபக்கம் இழுத்தால் மட்டும் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். புதிய கன்ட்ரோலரில் 5க்குள் நின்றுவிடும். 10க்கு மேல் தேவைப்பட்டால் ஸ்டிக் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

ஆக்சிலேட்டருக்கும் பிரேக்குக்கும் பயன்படும் ட்ரிகர் பொத்தானின் கதை வேறு. அது 0 முதல் 255 வரைதான் எண் தருகிறது, அது போதும். குறை எண்ணில் இல்லை, தூரத்தில்: விரல் நகரும் சில மில்லிமீட்டரில் 40 சதவீத ஆக்சிலேட்டரைப் பிடித்து நிறுத்துவது கடினம். கன்ட்ரோலரில், சக்கரம் வழுக்காமல் தடுக்கும் ட்ராக்ஷன் கன்ட்ரோலை ஒரு படி கூட்டி வைப்பது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல.

இந்த மாற்றங்களுக்குப் பிறகு கன்ட்ரோலரிலேயே அவர் நேரம் அரை நொடிக்குச் சற்றுக் குறைவாக இறங்கியது. ஒரு பைசா செலவில்லாமல்.

இப்போது நிலவரம்

எல்லாம் சரிசெய்த அன்றே வீல் வேகம் தந்துவிடவில்லை. கை, 'திருப்பு' என்ற பழக்கத்தை விட்டு 'காத்திரு' என்ற பழக்கத்துக்கு வர மூன்றாவது வாரம் ஆயிற்று. இதற்கு ஒரே பயிற்சி கொடுக்கப்பட்டது: ஒரே கார், ஒரே தடம், செட்டப்பைத் தொடாமல், லெஸ்மோவில் வீல் லேசாகும் கணத்தில் திருப்பத்தை ஒரு நூல் தளர்த்துவது. தளர்த்தியதும் கார் உள்ளே திரும்புவதைக் கண்ணால் பார்த்த பிறகு பழக்கம் தானாக வந்தது.

இன்று மான்ஸாவில் அவருடைய சிறந்த வீல் சுற்று, சிறந்த கன்ட்ரோலர் சுற்றைவிட அரை நொடி வேகம். விளம்பரங்கள் சொல்லும் வித்தியாசம் இதுவல்ல. ஒரு சுற்றை மட்டும் பார்த்தால் இதற்கு இருபதாயிரத்துக்கு மேல் செலவழிப்பது அதிகம்தான். ஆனால் ஒரு மணி நேரப் பந்தயத்தில் படம் மாறுகிறது. கன்ட்ரோலரில் சுற்றுக்குச் சுற்று ஒன்றரை நொடிவரை ஏறி இறங்கிய நேரம், வீலில் அரை நொடிக்குள் அடங்கியது. கட்டைவிரல் வலியும் போயிற்று. முதல் சிகேனில் வலம்-இடம் என்று புரட்டும் இடத்தில் இன்றும் கன்ட்ரோலர் வீலுக்குச் சளைக்கவில்லை, விரலைவிடக் கை வேகமாகப் போகாது. அஸ்காரி, பரபோலிகா வளைவுகளில், பிரேக்கும் திருப்பமும் கலக்கும் இடங்களில், வீல் முந்துகிறது.

ஹொரைசன் 5க்கு அவர் கன்ட்ரோலருக்கே திரும்பிவிட்டார், அதுவே சரி. அந்த ஆட்டத்தின் சாதாரண ஸ்டீயரிங் அமைப்பு ஸ்டிக்கை மனதில் வைத்துச் செய்தது. பின்பக்கம் வழுக்கும்போது எதிர்த்திருப்பத்தில் கொஞ்சம் அதுவே கைகொடுக்கும். வீலில் அந்த எதிர்த்திருப்பத்தை 200 டிகிரிக்கு மேல் கையாலேயே வீசிப் பிடிக்க வேண்டும், ஜி29 மோட்டாரும் அதற்கு ஈடுகொடுத்து வேகமாகச் சுழலாது. மரத்துக்கும் வேலிக்கும் நடுவில் பாய்ந்து விளையாடும் ஆட்டத்துக்கு இத்தனை பாடு எதற்கு?

புதிதாக வாங்க நினைப்பவர் முதலில் மேசையையும் தரையையும் பார்க்கட்டும். வீலைக் கவ்வ உறுதியான விளிம்பும் பெடல் முட்டி நிற்க ஒரு சுவரும் இல்லாத பிஜி அறையில் எந்த வீலும் கன்ட்ரோலரைவிட மெதுவாகத்தான் இருக்கும். பழைய வீல் வாங்குகிறவர் மூன்றைச் சோதிக்கலாம்: செருகியதும் சுழன்று மையத்தில் நிற்கிறதா, முழுக்க இருபுறமும் திருப்பும்போது எண் எங்காவது தாவுகிறதா, பெடலைத் தொடாமல் இருக்கும்போது பிரேக் பட்டை துடிக்கிறதா. கடைசியது மட்டும் என்றால் பயப்பட வேண்டாம், பேரம் பேசலாம். பெடல் இறங்கும் தூரத்தை அளக்கும் பொட்டன்ஷியோமீட்டரில் தூசி சேர்ந்திருக்கும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டு மின்னணுக் கடைகளில் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே கிடைக்கும். யூஎஸ்பியையும் அடாப்டரையும் கழற்றிவிட்டு, பெடல் பலகையைத் திறந்து, இரண்டு பீச்சு பீச்சி, பெடலைப் பலமுறை மேலும் கீழும் ஆட்டி, நன்கு உலர்ந்த பிறகு மாட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை அங்கே அடிக்க வேண்டாம், அது தூசியை இன்னும் ஒட்டவைக்கும்.

அடுத்து அழுத்தத்தை அளக்கும் லோட்செல் பெடல் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். இப்போதைக்கு வேண்டாம் என்பதே எங்கள் பதில். லோட்செல்லை உருப்படியாக மிதிக்கப் பல கிலோ அழுத்தம் வேண்டும். கட்டிலில் முட்டிய பிளாஸ்டிக் நாற்காலி அதைத் தாங்காது. கையில் இருக்கும் பணத்துக்கு இரும்புச் சட்ட ஸ்டாண்டு ஒன்று செய்து, ஜி29ன் அடியில் இருக்கும் இரண்டு எம்6 துளைகளில் போல்ட் போட்டு வீலை இறுக்கி, அதே சட்டத்தில் பெடலையும் இருக்கையையும் பூட்டிவிட்டால் தச்சரின் கட்டையும் தேவையில்லை. பெடல் மாற்றத்தை அதற்குப் பிறகு பேசலாம்.